நாயப் பத்தி புத்தகத்துல படிக்கிறதா, நாயிட்டயே படிக்கிறதா?

வாவிக்கரை (கல்லடி):

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதப்போறன், பொறுத்துக்கங்க, ரெண்டு கிழமையா எனக்கு இதே யோசனையாத்தான் இரிக்கு.

எங்கட வீட்டுக்குப் பக்கத்துல ஒரு வெறும் வளவு. பழைய தகரம், கிடுகு எல்லாம் குமிச்சிக் கிடக்கும், அதுக்குள்ள ஒரு தெருநாய் அஞ்சு குட்டி போட்டிரிந்திச்சி. தாய் ரோட்டுல வான் அடிச்சிச் செத்துப்போச்சு. நாலு குட்டிய ஆக்கள் வந்து கொண்டுபோயிட்டாங்க, கடைசியாக் கிடந்த பெட்டைக்குட்டிய நான் தூக்கிட்டு வந்தன். அப்ப அஞ்சு கிழமை இரிக்கும். உடம்பெல்லாம் செம்மண் நிறம், நெஞ்சுல மட்டும் வெள்ளை. செம்பி எண்டு பேர் வச்சிரிக்கம். இப்ப பத்துக் கிழமை.

நான் முதல் முதலா வளக்கிற நாய் இது. பிழை விடக்கூடாதெண்டு லைப்ரரியில நாய் வளர்ப்புப் புத்தகம் ரெண்டு எடுத்தன், கூட்டாளி ஒருத்தன் கொழும்புல இரிந்து ஒரு பழைய இங்கிலிஷ் புத்தகமும் கொண்டுவந்து தந்தான். மூண்டையும் ஒழுங்கா வாசிச்சி கொப்பியில குறிப்பும் எழுதினன். அந்த இங்கிலிஷ் புத்தகத்துல, நாய் எண்டா ஓநாய்தான், ஓநாய்க் கூட்டத்துக்கு ஒரு தலைவன் இரிக்கும், வீட்டுல நீதான் தலைவன் எண்டு காட்டாட்டி அது உன்ட தலையில ஏறிரும், கோப்பைக்குக் கிட்டப் போகக்குள்ள உறுமினா உடனே புடிச்சி மல்லாக்கப் போட்டு அடங்குமட்டும் அமத்திப் புடி எண்டு போட்டிரிக்கு.

ஒருநாள் செம்பி சூரை மீன் தலை ஒண்டைத் திண்டுட்டு இரிக்கக்குள்ள நான் கோப்பைய எடுக்கப் போனன். உறுமிச்சி. சின்னக்குட்டிதானே, உறுமல் தொண்டைக்குள்ளயே நிண்டிச்சி. நான் புத்தகத்துல இரிந்த மாதிரியே மல்லாக்கப் போட்டு நெஞ்சுல கைய வச்சி அமத்தினன். கத்திச்சி, மறுகா அடங்கிச்சி, மூத்திரமும் போயிட்டுது. சரி, புத்தகம் சொன்னது நடக்குது எண்டு நினைச்சன். மூணு நாள் அப்பிடிச் செஞ்சன். இப்ப என்னெண்டா நான் கோப்பையக் கையில எடுத்தாலே கட்டிலுக்குக் கீழ போயிருது. நான் அடுப்படிய விட்டு வெளிய போனாத்தான் வந்து திங்குது, அதுவும் ரெண்டு வாய் திங்கிறது, கிறுகிக் கதவப் பாக்கிறது, மறுகா ரெண்டு வாய். ஜன்னலால நிண்டு அதப் பாக்கப் பாக்க எனக்கு நெஞ்சை அடைக்கிது.

எங்கட பெத்தாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியா, ஆனா அவ வளத்த நாயெல்லாம் பதினாலு பதினஞ்சு வருசம் இரிந்திரிக்கு. அவ சொல்லுறா, "நீ திங்கிற சோத்துல ஒருத்தன் வந்து கைய வச்சா உனக்குக் கோவம் வராதா மனே, நாய என்னத்துக்குப் புத்தகத்துல தேடுற, நாய் முன்னுக்குத்தானே நிக்கிது" எண்டு. அப்பாவும் அதேதான் சொல்றார். ஆனா குட்டிக்கு எந்தக் கிழமையில என்ன ஊசி எண்டு அவங்க ரெண்டு பேருக்கும் தெரியா, புத்தகத்தாலதான் அது எனக்குத் தெரிஞ்சிது. அதால புத்தகத்த வீசவும் மனமில்ல.

நாய் வளத்துப் பழகின ஆக்கள் சொல்லுங்க. ஒண்டு, செம்பி என்ன மறுபடியும் நம்புமா, அதுக்கு நான் என்ன செய்யணும்? மத்தது, நாயப் பத்தி உண்மையா அறியணுமெண்டா எங்க இரிந்து தொடங்கிறது?

---

படுவான்கரையான் (கொக்கட்டிச்சோலைப் பக்கம்):

தம்பி, முதல் வேலையா அந்த மல்லாக்கப் போடுறத நிப்பாட்டு. இண்டையோட நிப்பாட்டு. மிச்சத்த ஆறுதலாக் கதைப்பம்.

குட்டி உன்ன நம்பும், பத்துக் கிழமைக் குட்டி தானே, மனசு இன்னும் இறுகல்ல. நான் வெள்ளாமைக்காரன், 30 வருசத்துக்கு மேல வட்டைக்குள்ள நாயோட காவல் படுத்தவன், கதிர் தள்ளினதுல இரிந்து வெட்டு முடியுமட்டும் ராவையில கண்ணும் காதும் எங்களுக்கு நாய்தான். பரண்ல படுத்துக் கிடப்பம், நாய் கீழ. அது குரைக்கிற குரையிலயே என்ன வந்திரிக்கு எண்டு தெரியும். பண்டி எண்டா ஓடி ஓடிக் குரைக்கும், சத்தம் தள்ளித் தள்ளிப் போகும். பாம்பெண்டா ஒரே இடத்துல நிண்டு துள்ளும், முன்னங்கால வைக்கும் எடுக்கும், குரை கட்டையா இரிக்கும். தெரிஞ்ச ஆள் வரம்பால வந்தா ரெண்டு குரையோட சரி. யானை எண்டா கதையே வேற, முன்னுக்குப் போகாது, பின்னுக்கு பின்னுக்கு வந்து பரண் காலோட ஒட்டிட்டு நிண்டு ஒரு மாதிரி இழுத்துக் குரைக்கும், வால் கீழ இறங்கிரிக்கும், மூஞ்சி மட்டும் யானை நிக்கிற திக்குல. அந்தக் குரை கேட்டா நாங்க கீழ இறங்க மாட்டம், டோர்ச்ச மட்டும் அடிச்சிப் பாப்பம். எங்கட நாயிர குரையால உசிர் தப்பின ஆக்கள் எங்கட பக்கத்துல இரிக்காங்க. இத எனக்கு ஆரும் சொல்லித் தரல்ல, ஒவ்வொரு ராவும் குரைய முதல் கேட்டு, மறுகா என்ன நிண்டிச்சி எண்டு பாத்து, அப்பிடியே காது பழகினதுதான்.

ஆனா தம்பி, கைப்பழக்கம் இரிந்தா எல்லாம் சரி எண்டும் சொல்ல ஏலா. நான் விட்ட பிழை ஒண்டு சொல்றன் கேளு. வீமன் எண்டு ஒரு கடுவன் இரிந்திச்சி, நல்ல நாய். முசலக் கண்டா விட்டுட்டுப் போயிரும், கூப்பிடக் கூப்பிட வராது, கால் மணித்தியாலம் கழிச்சி வாலாட்டிட்டு வரும். எனக்குக் கோவம், வந்த உடனே கம்பால ரெண்டு போடுவன், கூப்பிட்டா வரணுமெண்டு படிப்பிக்கிறன் எண்டு நினைச்சி. கொஞ்ச நாள் போக, கூப்பிட்டா வரும், ஆனா இருவது அடி தூரத்துல நிண்டிரும். கிட்ட வராது. நான் ஒரு அடி வச்சா அதுவும் ஒரு அடி பின்னுக்கு வைக்கும். நாய்க்குக் கொழுப்பெண்டு நான் எல்லாரிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சன்.

எங்கட மகள் பேராதனையில மிருக வைத்தியம் படிக்கிறா. லீவுக்கு வந்தவ இதப் பாத்துட்டு, "அப்பா, அது முசலுக்குப் பின்னால போனதுக்கு அடிவாங்கினதெண்டு நினைக்காது, உங்களுக்குக் கிட்ட வந்ததுக்குத்தான் அடி விழுந்ததெண்டு நினைக்கும், கடைசியா எதச் செஞ்சிச்சோ அதோடதான் அது அடியச் சேத்துப் புடிக்கும்" எண்டு சொன்னா. புத்தகத்தயும் எடுத்துக் காட்டினா. எனக்கு அண்டைக்கு ராவு நித்திர வரல்ல. ரெண்டு வருசமா நானே அந்த நாய்க்கு "என்னிட்ட வராத" எண்டு படிப்பிச்சிரிக்கன். அதுக்குப் பிறகு எவ்வளவு சுணங்கி வந்தாலும் ஒரு துண்டு கருவாடு குடுத்தன், தடவினன். வீமன் பழையபடி காலடிக்கு வர ஆறு மாசம் எடுத்திச்சி.

இப்ப உன்ட குட்டிக்கு. கோப்பையில வெறும் சோறு வை, வச்சிட்டுத் தள்ளிப் போ. அது திங்கக்குள்ள ஏழெட்டு அடி தூரத்துல இரிந்து ஒரு மீன் துண்ட அது பக்கமா எறிஞ்சிட்டு, நிக்காமக் கிறுகிப் போயிரு. எடுக்கப் போகாத, தடவப் போகாத, பேசவும் வேணாம். நாளைக்கும் அப்பிடி. தலையத் தூக்கி எப்ப மீன் வரும் எண்டு அது உன்னப் பாக்கத் தொடங்கும், அப்ப ஒரு அடி கிட்ட வா. சுறுக்காச் செய்ய நினைக்காத.

---

கல்லாறு அக்கா:

தம்பி, உங்கட ரெண்டாவது கேள்விக்கு நான் எழுதுறன், ஏனெண்டா நான் புத்தகத்தால நாயிட்ட வந்தவ.

எனக்கு எட்டு வயசில ரியூசன் போற வழியில நாய் கடிச்சிச்சி, கெண்டைக்கால்ல. அந்தக் காலத்து ஊசி வயித்துல போடுறது, தொப்புளச் சுத்தி பதினாலு ஊசி. இப்ப அப்பிடியில்ல, கையிலதான் போடுறாங்க. ஆனா அந்தப் பயம் எனக்கு முப்பது வருசத்துக்கு மேல போகல்ல, நாய் நிக்கிற ஒழுங்கையால போகமாட்டன், சுத்திப் போவன். மகன் குட்டி ஒண்டு வேணுமெண்டு நிண்டதால வேற வழியில்லாம வாசிக்கத் தொடங்கினன். ஒரு வருசம் வாசிச்சிட்டுத்தான் ஒரு நாயத் தொட்டன்.

வாசிச்சதுல எனக்கு விளங்கின முக்கியமான விசயம், எந்த நாய்ப் புத்தகத்த எடுத்தாலும் இத எழுதின ஆள் எந்த நாயப் பாத்தவர், எங்க வச்சிப் பாத்தவர் எண்டு முதல் கேக்கணும்.

உங்கட பழைய புத்தகத்துல இரிக்கிற தலைவன் கதையையே எடுங்க. 1947ல ஷெங்கல் எண்ட ஒரு ஆராய்ச்சியாளர் சுவிற்சர்லாந்துல பாசல் மிருகக்காட்சிச்சாலையில அடைச்சி வச்ச ஓநாய்களப் பாத்து எழுதினார். எங்கெங்கயோ இரிந்து கொண்டுவந்த ஓநாயள ஒரு சின்ன அடைப்புக்குள்ள போட்டா அதுகள் அடிபடாம என்ன செய்யும், முகாமுக்குள்ள தெரியாத ஆக்களோட நெருங்கிக் கிடந்த நமக்கு அது விளங்காதா. மறுகா டேவிட் மெக் எண்ட அமெரிக்கர் 1970ல ஓநாய் பத்தி எழுதின பெரிய புத்தகத்துல அந்தத் தலைவன் கதையும் ஏறிச்சி, அங்க இரிந்து நாய் பழக்கிற ஆக்களிட்ட பரவிச்சி. ஆனா அதே மெக் 1986ல இரிந்து கனடாவிர வடக்குக் கோடியில இரிக்கிற எல்ஸ்மியர் தீவுல கோடைக்குக் கோடை போய், அடைப்பில்லாத ஓநாய்களுக்குக் கிட்ட இரிந்து பாத்தார். பாத்தா அந்தக் கூட்டம் எண்டது தாயும் தகப்பனும் பிள்ளையளும். ஆரும் ஆரையும் அடக்கித் தலைவனாகல்ல, பெத்ததாலதான் முன்னுக்கு நடக்குதுகள். 1999ல அத எழுதி, அந்தத் தலைவன் பேர இனிப் பாவிக்க வேணாமெண்டார், தன்ட பழைய புத்தகத்த அச்சடிக்கிறத நிப்பாட்டச் சொல்லி பதிப்பகத்தையும் கேட்டார். தான் எழுதினத தானே பிழையெண்டு சொல்லுற மனுசன நான் முழுசா மதிக்கிறன். உங்கட கையில இரிக்கிற புத்தகத்துக்கு அந்தச் செய்தி போய்ச் சேரல்ல, அவ்வளவுதான்.

அதுக்காகப் பழசெல்லாம் பிழையுமில்ல. டார்வின் 1872ல மனுசருக்கும் மிருகத்துக்கும் உணர்ச்சி முகத்துலயும் உடம்புலயும் எப்பிடித் தெரியுது எண்டு ஒரு புத்தகம் எழுதினார், அதுல நாய்ப் படம் இரிக்கு. ஒரு படத்துல நாய் சண்டைக்குப் போற மாதிரி, கால் விறைச்சி, வால் நிமிந்து, முதுகு மயிர் எழும்பி, காது முன்னுக்கு. மத்தப் படத்துல அதே மாதிரி நாய் தன்ட எசமானக் கண்டதும் உடம்பு பணிஞ்சி வளைஞ்சி, காது பின்னுக்கு, வால் ஆடுது. ஒண்டுக்கு ஒண்டு நேர் எதிர். அந்த ஆள் வீட்டுல நாய் வளத்து, நாயோட நடந்து, தன்ட கண்ணால பாத்து எழுதினவர், அதால 150 வருசம் போயும் அது நம்மட கல்லாற்று ரோட்டுல சரியா இரிக்கு. நான் விறாந்தையில அந்தப் படத்த மடியில வச்சிட்டு கேற்றுக்கு வெளிய நிக்கிற நாயளப் பாப்பன். முதல் கிழமை ஒண்டும் விளங்கல்ல, எல்லாம் நாயாத்தான் தெரிஞ்சிச்சி. ரெண்டாவது கிழமை ஒரு கறுப்பு நாய் மீன்காரர் சைக்கிளுக்குப் பின்னால போகக்குள்ள வாலப் பாத்தன், ஆடுது, ஆனா மேல நிமிந்து விறைச்சி சின்னதா வேகமா ஆடுது. அதே நாய் பின்னேரம் அந்தப் பக்கத்து வீட்டு அம்மாவக் கண்டதும் இடுப்போட சேத்து அகலமா ஆட்டுது. வாலாட்டினா நல்ல நாய் எண்டு சின்னனில சொல்லித்தந்தது பாதிதான் உண்மை எண்டு அண்டைக்குத்தான் விளங்கிச்சி. எட்டு வயசில என்னக் கடிச்ச நாயும் வால ஆட்டிட்டுத்தான் வந்திச்சி, எனக்கு நல்லா ஞாபகம் இரிக்கு.

இன்னொண்டும். வெளிநாட்டுப் புத்தகம் அனேகமா வீட்டுக்குள்ள கிடந்து கழுத்துப்பட்டியில நடக்கிற நாயப் பத்தினது. நம்மட நாய் வளவுலயும் ரோட்டுலயும் வளருது, பத்து வீட்டுச் சோறு திங்குது, தன்ட கூட்டாளிய தானே தேடுது. அதால பட்டி, கூடு, பூங்கா எண்டு வாற பக்கத்த மெல்லமா வாசிங்க, உடம்பு மொழி வாற பக்கத்த ரெண்டுதரம் வாசிங்க.

உறுமினதுக்கு இனி ஒருநாளும் தண்டிக்க வேணாம் தம்பி. உறுமல் எண்டது நாய் நமக்குத் தாற முதல் எச்சரிக்கை. அத அடக்கினா பயம் போகாது, எச்சரிக்கைதான் போகும், மறுகா சத்தமில்லாமக் கடிக்கும்.

---

வயல்வெளி (அக்கரைப்பற்று):

எல்லாரும் கோவிக்கக்கூடாது, எனக்கு இந்தப் புத்தகக் கதையில நம்பிக்கையில்ல. எங்கட வீட்டுல எப்பவும் நாலு நாய் நிக்கும், என்ட வாப்பாட காலத்துல இரிந்து வயல் காவலுக்கு வயல் வாடியில நாய் நிக்கிது, ஆரும் ஒரு பக்கம் வாசிக்கல்ல. நாய்க்கு வேளைக்குச் சோறு, தண்ணி, நிழல், ஒரு வேலை. வேலை இல்லாமக் கட்டி வச்ச நாய்தான் பழுதாப் போகும். தம்பி குட்டிய உங்களோட கூட்டிட்டுத் திரியுங்க, அதுவே படிக்கும்.

---

உதவிக்கை (களுவாஞ்சிகுடி):

வயல்வெளி அண்ணன் சொன்ன சோறு தண்ணி நிழல் வேலை நாலும் சரி, அதுல எனக்கு ஒரு மறுப்புமில்ல. ஆனா அண்ணன், அந்த நாலு நாய்க்கு முன்னால எத்தின குட்டி செத்திச்சி எண்டு ஆரும் எண்ணுறதில்ல. நான் மிருக வைத்தியர் இல்ல, ஒரு கால்நடை வைத்தியப் பணிமனையில ஆறு வருசம் உதவிக்கு நிண்டவன், நாயப் புடிக்கிறதுதான் என்ட வேலை. கொண்டுவந்த குட்டியள்ல பார்வோ வந்து செத்தது என்ட கையாலயே எவ்வளவு தூக்கி வச்சிரிக்கன். ரெத்தமா வயித்தால போகும், அந்த மணம் ஒருதரம் மூக்குல ஏறினா மறக்காது. வைத்தியர் சேலைன் ஏத்தி ராப்பகலாப் பாத்துத் தப்பினதும் இரிக்கு, ஆனா அனேகமா ஆக்கள் கொண்டுவாறது மூணாம் நாள்தான், "ஒண்டும் திங்குதில்ல" எண்டு. இது சோறு தண்ணியால வாறதில்ல, வைரசு. அந்த வைரசு மண்ணுல மாசக்கணக்காக் கிடக்கும், அதால பார்வோவுல குட்டி செத்த வளவுக்கு ஊசி போடாத குட்டியக் கொண்டுவரவே கூடாது, சீமெந்துத் தரையெண்டா குளோரின் கலந்து கழுவலாம், மண் தரைக்கு அதுவும் ஏலா.

வாவிக்கரை தம்பி, செம்பிக்கு ஊசி தொடங்கிட்டீங்களா? ஆறு எட்டுக் கிழமையில முதல் ஊசி, மறுகா மூணு நாலு கிழமைக்கு ஒருக்கா, பதினாறு கிழமை தாண்டுமட்டும். ஒண்டு போட்டாச்சு தானே எண்டு நிப்பாட்டுறதுதான் ஆக்கள் விடுற பெரிய பிழை. தாய்ப்பாலால வந்த சக்தி குட்டிர ரெத்தத்துல இரிக்குமட்டும் ஊசியையும் அது வேலை செய்ய விடாது, எந்தக் குட்டிக்கு எந்தக் கிழமையில அது கரையும் எண்டு சொல்ல ஏலா, அதாலதான் திரும்பத் திரும்பப் போடுறது. விசர்நாய் ஊசி வேற, அது மூணு மாசத்துல, மறுகா வருசத்துக்கு ஒருக்கா. எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிஸ்ல கேட்டா எப்ப எங்க போட வருவாங்க எண்டு சொல்லுவாங்க.

இதுல ஒரு சிக்கல் இரிக்கு, அதத்தான் நான் எழுத வந்தனான். 1965ல ஸ்கொட், ஃபுல்லர் எண்டு ரெண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர், அஞ்சு சாதி நாய வருசக்கணக்கா வளத்துப் பாத்து எழுதின புத்தகத்துல, குட்டிக்கு மூணாம் கிழமையில இரிந்து பன்னிரெண்டாம் கிழமை வரைக்கும்தான் மனசுக் கதவு நல்லாத் திறந்திரிக்கும், அந்த நேரத்துல காணாத மனுசர், காணாத சத்தம் எல்லாத்துக்கும் மறுகா பயம் எண்டு சொல்றாங்க. ஊசிப் புத்தகம் பதினாறு கிழமை மட்டும் வெளிய விடாத எண்டுது. ரெண்டும் உண்மைதான். அப்ப என்ன செய்யிறது? தூக்கிட்டுப் போங்க. தரையில விடாம கையில வச்சிட்டு, பின்னேரம் கல்லடிப் பாலத்தடியில இரிங்க, பஸ் போகட்டும், மோட்டர் சைக்கிள் போகட்டும், குடை புடிச்ச ஆள், தொப்பி போட்ட ஆள், யூனிபோம் போட்ட பிள்ளையள், எல்லாத்தையும் அது கையில இரிந்து பாக்கட்டும். மத்த நாயள மோப்பம் புடிக்க விட வேணாம். செம்பிக்கு இன்னும் ரெண்டு கிழமைதான் கிடக்கு, நாளைக்கே தொடங்குங்க.

அஞ்சு கிழமையில தாயையும் கூடப்பிறந்ததுகளையும் விட்டு வந்த குட்டி எண்டதால கொஞ்சம் பல்லுப் பாவிக்கும். குட்டியள் ஒண்டையொண்டு கடிச்சி விளையாடித்தான் எவ்வளவு கடிச்சா நோகும் எண்டு படிக்கிறது, அது எட்டுக் கிழமை மட்டும் ஒண்டா இரிந்தா நல்லாப் படிஞ்சிரும். செம்பிக்கு அது கிடைக்கல்ல. கைய நோகக் கடிச்சா விளையாட்ட நிப்பாட்டிட்டு எழும்பிப் போங்க, ஒரு நிமிசம் போதும்.

கையால படிக்கிறத எங்க தொடங்கிறது எண்டு கேட்டீங்களே. உங்கட நாய் சுகமா இரிக்கக்குள்ள அதப் படியுங்க. நான் நாயப் புடிக்கப் போன முதல் மாசம் வைத்தியர் எனக்கு ஒரே வேலைதான் தந்தார், வாற ஒவ்வொரு நாயிரயும் சொண்ட உயத்தி முரச, பல்லடிச் சதைய, பார் எண்டு. சுகமான நாய்க்கு முரசு ரோசா நிறம், ஈரமா இரிக்கும், விரலால அமத்தி எடுத்தா வெள்ளையாகி ரெண்டு செக்கனுக்குள்ள பழையபடி நிறம் வரும். வெளிறி, ஒட்டுற மாதிரி இரிந்தா ஏதோ இரிக்கு. உண்ணிக் காச்சல் வந்த நாயிட்டயும் அதக் காணலாம். இத ஒரு பந்தியில எழுதலாம், ஆனா நூறு முரசு பாத்த பிறகுதான் நூத்தியோராவது வெளிறினது எண்டு கண்ணுக்குப் படும். சில நாய்க்கு முரசு கறுப்பு, அதுக்கு கீழ் இமைய இழுத்துப் பாக்கணும். உடம்புச் சூடு 38.3ல இரிந்து 39.2 மட்டும் சாதாரணம், நமக்குக் காச்சல் எண்டு சொல்லுற சூடு அதுக்குச் சுகம், அதால கையால தொட்டு "காச்சல் அடிக்கிது" எண்டு பனடோல் குடுக்காதீங்க, குடுக்கவே வேணாம். கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல மட்டும் சூட்டுக்குக் கவனம், நாய்க்கு நம்மள மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது, இரைச்சித்தான் சூட்ட விடும், நிழலும் தண்ணியும் இல்லாமக் கட்டி வச்சா 41 தாண்டிரும், ஆள விழுத்திரும்.

இன்னொண்டு, இது நாய்க்கில்ல, உங்களுக்கு. எந்த நாய் கடிச்சாலும், குட்டி கீறினாலும் சரி, ஓடுற தண்ணியில சவக்காரம் போட்டு 15 நிமிசம் கழுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. மஞ்சள் பத்து, கோப்பித்தூள் எல்லாம் வேணாம். விசர்நாய்க்கடி நோய் தொடங்கினா மருந்தில்ல, தொடங்கிறதுக்கு முன்னால ஊசியால முழுசாத் தடுக்கலாம். லூயி பாஸ்டர் 1885ல ஒரு ஒன்பது வயசுப் பொடியனுக்கு முதல் முதல் அந்த ஊசியப் போட்டுக் காப்பாத்தினார். அதுவும் ஒரு புத்தகம் வாசிக்கிற ஆள்தான் அண்ணன்.

---

வயல்வெளி (அக்கரைப்பற்று):

சரி தம்பி, ஒத்துக்கிறன். குட்டி சாகிறத நாங்க விதி எண்டு விட்டுர்ற. வாடியில இப்ப ரெண்டு குட்டி நிக்கிது, ஏழு கிழமை. அக்கரைப்பற்றுல கால்நடை ஒபிஸ்ல போய்க் கேக்கிறன்.

---

கல்லாறு அக்கா:

உதவிக்கை தம்பி, மெத்தப் பெரிய உதவி. முரசு பாக்கிறத நான் எந்தப் புத்தகத்துலயும் இவ்வளவு விளங்க வாசிக்கல்ல. இப்ப போய் எங்கட நாயிர வாயப் பாத்தன், ஒரு பக்கம் ரோசா, ஒரு பக்கம் கறுப்புப் புள்ளி. ஆறு வருசமா இந்த நாயோட இரிக்கன், இண்டைக்குத்தான் கண்டிரிக்கன்.

---

வாவிக்கரை (கல்லடி):

மூணு கிழமை கழிச்சி எழுதுறன், சுணங்கினதுக்கு மன்னிக்கணும். எல்லாருக்கும் நன்றி சொல்லணும், எப்பிடிச் சொல்றதெண்டு தெரியல்ல.

ஊசி ரெண்டு போட்டாச்சு, மூண்டாவது வாற கிழமை. பாலத்தடிக்கு ஒவ்வொரு பின்னேரமும் தூக்கிட்டுப் போனன், முதல் நாள் பஸ் போகக்குள்ள என்ட கமக்கட்டுக்குள்ள மூஞ்சிய வச்சிட்டுது, நாலாம் நாள் பஸ்ஸப் பாத்துட்டு இரிந்திச்சி, இப்ப வாவிக்குள்ள தோணி போனாத்தான் காத நிமித்துது.

சாப்பாட்டு விசயம் படுவான்கரை ஐயா சொன்ன மாதிரியே செஞ்சன். எட்டு அடியில தொடங்கினன். முதல் மூணு நாள் மீன் துண்டு விழுந்த சத்தத்துக்கே கட்டிலுக்குக் கீழ ஓடிச்சி, நான் போன பிறகு வந்து எடுத்திச்சி. கைவிட்டுரலாம் எண்டு நினைச்சன். அஞ்சாம் நாள் ஓடல்ல. எட்டாம் நாள் துண்டு விழுறதுக்கு முன்னால தலையத் தூக்கி என்னப் பாத்திச்சி, ஐயா சொன்னது அதேதான், எனக்குக் கை நடுங்கிச்சி. நேத்து நான் கோப்பைக்கு ரெண்டு அடியில குந்தி இரிந்தன்.

அக்கா, நீங்க கேற்றடி நாயளப் பாத்த மாதிரி நானும் பாத்து ஒவ்வொரு நாளும் கொப்பியில எழுதுறன், இந்தமுறை புத்தகத்துல இரிந்து இல்ல, செம்பியப் பாத்து. ஒண்டு கண்டன். நான் கைய நீட்டக்குள்ள அது நாக்கால மூக்க ஒருதரம் சடாரெண்டு நக்கும். ஒரே ஒருதரம், கண் மூடித் திறக்கிற நேரம். பசியெண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சன். லைப்ரரிப் புத்தகத்த மறுபடியும் எடுத்துப் பாத்தா, நாய்க்குக் கரைச்சலா இரிக்கக்குள்ள, கிட்ட வராத எண்டு சண்டையில்லாமச் சொல்லுற வழியள்ல அதுவும் ஒண்டு, கொட்டாவி விடுறது, மூஞ்சியக் கிறுக்கிறது, கண்ணோரத்து வெள்ளை தெரியப் பாக்கிறது எல்லாம் அதுக்குள்ளதான் எண்டு இரிக்கு. இதே பக்கத்த நான் முன்னமே வாசிச்சிரிக்கன், பென்சிலால கோடும் அடிச்சிரிக்கன்! அப்ப கண்ணுக்கு ஒண்டும் படல்ல. மல்லாக்கப் போட்ட அந்த மூணு நாளும் அது முதல் நக்கித்தான் இரிக்கும், மறுகா விறைச்சிரிக்கும், அதுக்குப் பிறகுதான் உறுமியிரிக்கும். ரெண்டுதரம் சொல்லியும் நான் கேக்கல்ல.

இப்ப நக்கினா நான் கைய எடுத்துர்றன். எடுத்தா அதுவே ஒரு அடி கிட்ட வருது.

பெத்தாட்ட இதக் காட்டினன். அவ வெத்தில இடிச்சிட்டு இரிந்தவ, "ஓம் மனே, அது வேணாமெண்டுற, எங்கட வெள்ளையனும் அப்பிடித்தான்" எண்டா. அவக்கு இது எப்பவோ தெரியும். நான் கேட்டிரிந்தா சொல்லியிரிப்பா.

---

படுவான்கரையான் (கொக்கட்டிச்சோலைப் பக்கம்):

நல்லது மனே. ரெண்டு அடியில இன்னும் ஒரு கிழமை இரி, அவசரப்படாத. கையால குடுக்கக்குள்ள உள்ளங்கைய விரிச்சிக் குடு, விரலால புடிச்சிக் குடுத்தா குட்டி விரலையும் சேத்துக் கவ்வும். சூரைத் தலையில முள்ளு இரிக்கு, சதையப் பிச்சிக் குடு.

வெட்டு முடிஞ்சா வட்டைப் பக்கம் வா, செம்பியயும் கொண்டுவா, ஊசி எல்லாம் முடிஞ்ச பிறகு.